வாத்துக்காரியோடு நான் பேசுவதில்லை

வாருங்கள், உள்ளே வாருங்கள். அந்தப் பெட்டிமேல் மட்டும் உட்காராதீர்கள், அது அவளுடையது. இந்தக் கட்டிலில் உட்காருங்கள், இது என்னுடையது. கட்டில் என்றால் ஒரு கதவுதான். எட்டு செங்கலை அடுக்கி அதன்மேல் கதவைப் போட்டிருக்கிறேன். எந்த வீட்டுக் கதவு என்று கேட்காதீர்கள். கதவைத் தேடி வர அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

குரலைத் தாழ்த்த வேண்டாம். குறுக்கே தொங்குகிறதே ஒரு போர்வை, அதற்கு அந்தப் பக்கம்தான் அவள் இருக்கிறாள். உருளைக்கிழங்குத் தோலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறதா? நாம் பேசுவதும் அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும். ஏழு வாரமாக நான் அவளோடு பேசுவதில்லை. ஆனால் அவளைப் பற்றிப் பேசுவதில்லை என்று யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

உங்கள் பெயர் ஷிஃப்ரா, இல்லையா? கஞ்சி வரிசையில் சொன்னார்கள். போன வாரம் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்களே, அதில் வந்தவர். உங்கள் ஊர் முழுவதையும் காலி செய்துவிட்டார்களாமே? சரி, இங்கே நடைமுறை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மொத்தம் நாலு தெரு. சுற்றிலும் பலகை வேலி, மேலே முள்கம்பி, ஒரே ஒரு வாசல். வாசலில் ஒரு ஜெர்மன்காரன், ஒரு நம்மூர்ப் போலீஸ்காரன். முன்பெல்லாம் இந்த நாலு தெருவில் அறுநூறு பேர் இருந்தோம். இப்போது சுற்றுவட்டாரத்து யூதர்கள் அத்தனை பேரையும் இதற்குள் அடைத்து நாலாயிரம் ஆக்கிவிட்டார்கள். ஒரு அறைக்கு மூன்று குடும்பம். எங்கள் அறையில் மட்டும் இப்போது இரண்டுதான். மூன்றாவது குடும்பம் நல்ல மனிதர்கள், குறட்டைதான் தாங்காது. இப்போது அந்தக் குறட்டையும் இல்லை, எனக்குத் தூக்கமும் இல்லை.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஹெலா என்று ஒருத்தி இருக்கிறாள், கான்வென்டில் படித்தவள், வெளியே அனுப்புகிற பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ ஜெபமெல்லாம் சொல்லிக்கொடுப்பாள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த ஹெலா நான்தான். அவர்கள் சொன்னது பாதிதான். சும்மா படித்தவள் இல்லை நான், பரிசு வாங்கியவள்.

என் அப்பா இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் மகள் சந்தைக்காரப் பிள்ளைகளோடு படிக்கலாமா? கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சேர்த்துவிட்டார். ஞானோபதேச வகுப்பு வந்தால் நானும் டாக்டர் மகளும் வெளியே போய் உட்காரலாம் என்று அனுமதி இருந்தது. டாக்டர் மகள் போய்விடுவாள். எனக்கு வெளியே குளிரும், உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். வருடக் கடைசியில் ஒப்புவிக்கும் போட்டி வைத்தார்கள். விசுவாசப் பிரமாணம், மன்றாட்டுமாலை எல்லாவற்றையும் ஒரு பிசகில்லாமல் ஒப்புவித்து முதல் பரிசு வாங்கிவிட்டேன். சிஸ்டர் பெனிக்னாவுக்கு முகம் சிவந்து போயிற்று, சந்தோஷமா சங்கடமா தெரியவில்லை. மாதா படம் போட்ட கோப்பை. அப்பா அதைக் கடையில் ஆமணக்கெண்ணெய் புட்டிகளுக்குப் பின்னால் வைத்தார். தூக்கி எறிய மனம் வரவில்லை, பரிசு ஆயிற்றே.

அப்படிப்பட்ட நான் ஒரு வாத்துக்காரியோடு ஒரே அறையில் குடியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் லெய்ஸரை வசந்த காலத்தில் வேலை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு வரி எழுதவில்லை. அவர் எப்போதும் கடிதம் எழுதுவதில் சோம்பேறி. கல்யாணத்துக்கு முன்புகூட நான் மூன்று எழுதினால் அவர் ஒன்றுதான் எழுதுவார். வரும், மெதுவாக வரும். ஆக நானும் என் மகள் மிர்லாவும் மட்டும். மிர்லாவுக்கு ஐந்து வயது. அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு? இன்னும் விழவில்லையா? நல்லது, பல் இருந்தால் உச்சரிப்பு சுத்தமாக வரும்.

சரி, அவளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் பெய்லா, ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் கிராமம் கிராமமாகப் போய் வாத்து வாங்கிச் சந்தையில் விற்றவள். அவள் வாயைத் திறந்தால் சந்தை முழுக்க நின்று கேட்கும். வந்த முதல் நாளே அடுப்பில் என் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "சட்டியில என்ன இருக்குன்னு இவ்வளவு இடம் பிடிக்குது? தண்ணிதானே! தண்ணி எங்க வச்சாலும் கொதிக்கும்" என்றாள். அவள் சட்டியிலும் தண்ணீர்தான்.

ஆனால் மிர்லா அவளிடம் ஒட்டிக்கொண்டாள். பெரியம்மா, பெரியம்மா என்று அவள் பாவாடைக்குள்ளேயே கிடப்பாள். நான் பகலெல்லாம் வேலிக்கு வெளியே பிரஷ் பட்டறையில் பன்றி முடி கட்டிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வந்து பார்த்தால் என் மகள் இடுப்பில் கை வைத்து நின்று, "வாடி, இவ்வளவு நேரமா?" என்பாள். யாருடைய இடுப்பு, யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா?

கோடை முடிகிற சமயம் ஒரு பேச்சு பரவியது. பக்கத்து ஊர்களில் நடந்ததுபோல் இங்கேயும் நடக்கப்போகிறது, முதலில் பிள்ளைகள், பிறகு கிழவர்கள் என்று. அன்றைக்கு அவள் என்னிடம் வந்து சொன்னாள், "வாலெர்கான்னு ஒருத்தி இருக்கா. இருபது வருசமா எனக்கு வாத்து குடுத்தவ. அவளோட ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். ஒரு ஆளுக்கு இடம் இருக்காம். பிள்ளைய அனுப்புறியா?"

நான் நம்பவில்லை. "ஒரு ஆளுக்கு என்றால் யாருக்கு?"

"ஆளுன்னா ஆளுதான். சின்ன ஆளு பெரிய ஆளுன்னு அவ சொல்லல" என்றாள். பேச்சில் ஒரு ஒழுங்கே கிடையாது அவளுக்கு.

ஆறு வாரம் கொடுத்தார்கள். வாலெர்காவின் தங்கை பேத்தி என்று சொல்லி வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மிர்லாவுக்குப் புதுப் பெயர், ஸோஸ்யா. ஆறு வாரத்தில் ஸோஸ்யாவைக் கிறிஸ்தவப் பிள்ளையாக்க வேண்டும். அப்போதுதான் இந்த அறையில் யாருக்கு மதிப்பு என்று தெரிந்தது. ஜெபம் யாருக்குத் தெரியும்? எனக்கு. பரிசு யார் வாங்கினது? நான்.

நான் முறையாக ஆரம்பித்தேன். முதுகு நிமிர வேண்டும். இரண்டு உள்ளங்கையும் சேர வேண்டும், விரல் நுனி முகவாயில் பட வேண்டும். தலை கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், இடது பக்கம். காற்புள்ளிக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு, அதுதான் சிஸ்டர் பெனிக்னா முறை. இரண்டே வாரத்தில் மிர்லா பரமண்டல ஜெபத்தை மணி மணியாகச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. "மருந்துக்கடைக்காரர் மகளே, உன் பிள்ளை மடத்துக்கா போகுது? வாத்து மேய்க்கப் போகுதுடி. பட்டிக்காட்டுல எவடி ஜெபத்துக்கு நடுவுல மூச்சு விடுறா? அடுப்புல பால் பொங்குறதுக்குள்ள முடிச்சாகணும்!"

"உங்களுக்கு என்ன தெரியும் பெய்லாக்கா, நீங்கள் ஒரு ஜெபம் படித்திருக்கிறீர்களா?"

"படிக்கல. இருபது வருசம் அவங்க வீட்டு வாசல்ல நின்னு அது முடியட்டும்னு காத்திருக்கேன். எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு நான் பட்டறைக்குப் போன நேரமெல்லாம் அவளும் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். என்ன பாடம் என்று கேளுங்கள். மூக்கை எப்படிச் சட்டைக் கையில் துடைப்பது. ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தம் கொடுப்பது. ரொட்டியை வெட்டுவதற்கு முன்னால் கத்தி நுனியால் சிலுவை போடுவது. கொத்த வருகிற ஆண் வாத்தின் கழுத்தை எங்கே பிடிப்பது. அதுகூடப் போகட்டும். வசவு! ஷிஃப்ரா, வசவு சொல்லிக்கொடுத்தாள்! ஒரு நாள் சாயங்காலம் நான் உள்ளே வருகிறேன், என் மகள் தலையணையைக் காலால் எத்தி, "கழுத்தைத் திருகி உன் கையிலேயே குடுப்பேன், பீ தின்னி வாத்தே!" என்கிறாள். மாதா கோப்பை வாங்கினவளின் மகள்.

நான் சும்மா விடுவேனா? "என்ன பாஷை இது?" என்றேன்.

"அவங்க பாஷை. நீ சொல்லிக் குடுத்தது சாமியோட பேசுறதுக்கு. அந்தப் பிள்ளை மீதி நேரமெல்லாம் வாத்தோட பேசணும்ல?"

இன்னொன்று சொல்கிறேன், அவள் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும். அவள் பெரிய பக்திமான். நம் யூத முறைப்படி ரொட்டிக்கு முன்னால் கை கழுவுவதில் ஒரு குறை வைக்கமாட்டாள். எங்கள் வீட்டில் அப்பா அதெல்லாம் பழைய காலம் என்று விட்டுவிட்டார், எனக்குப் பழக்கமில்லை. மிர்லாவுக்குப் பழக்கிவிட்டவள் அவள்தான். இரண்டு பிடி வைத்த செம்பு, வலது கைக்கு இரண்டு தரம், இடது கைக்கு இரண்டு தரம், அப்புறம் ரொட்டி வாயில் படுகிறவரை ஒரு பேச்சுப் பேசக்கூடாது. பிள்ளை அப்படியே பிடித்துக்கொண்டது. ரொட்டியைக் கண்டால் தானாகக் கை நீட்டி நிற்கும், தண்ணீர் ஊற்று என்று.

ஆறு வாரப் பாடம் ஆரம்பித்த மறுநாள் செம்பைக் காணோம். எங்கே என்றேன். "ஓட்டை" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பக்திமான் கை கழுவவில்லை, ஷிஃப்ரா. பிள்ளைக்கு முன்னாலேயே அழுக்குக் கையோடு ரொட்டியைப் பிய்த்து வாயில் அடைத்து, நடு நடுவே வேண்டுமென்றே வளவளவென்று பேசிக்கொண்டு தின்றாள். மிர்லா கையை நீட்டினால் தட்டிவிடுவாள். "தின்னு, தின்னுகிட்டே பேசு, என்ன கதை வேணும்னாலும் பேசு" என்பாள். ஆறு வாரம் இப்படி. பிள்ளையும் மறந்தே போய்விட்டது. நான் நாகரிகமானவள், எனக்கே பொறுக்கவில்லை. "என்ன பெய்லாக்கா, பக்தியை எல்லாம் வேலிக்கு வெளியே விட்டுவிட்டு வந்துவிட்டீர்களா?" என்று குத்திக் காட்டினேன். "ஆமாண்டி" என்றாள். அவ்வளவுதான் பதில். மிர்லா போன மறுநாள் காலையில் பார்க்கிறேன், செம்பு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஓட்டையும் இல்லை. பொய்காரி.

அந்த நாளைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை, சந்தை நாள். பழைய ரொட்டிக் கடைக்குப் பின்னால் வேலியில் ஒரு பலகை ஆடும். விடிந்ததும் அதன் வழியாகப் பிள்ளையை வெளியே விடுவது. வாலெர்கா வாத்தோடு அங்கே நிற்பாள், கையைப் பிடித்துக்கொண்டு சந்தைத் தெருவில் நடந்துவிடுவாள். நான் போகமுடியாது. பட்டறை வரிசையில் தலை எண்ணும்போது நான் இல்லை என்றால் வரிசைக்கே ஆபத்து. ஆகவே பலகைக்குக் கூட்டிப்போனது அவள்தான்.

காலையில் மிர்லா என் பாவாடையை விடவில்லை. நான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் பிடித்துக்கொள்ளும். ஐந்து வயதுக் கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வரும்? ஜெபத்தைக் கடைசியாக ஒரு தரம் சொல் என்றேன், சொல்ல மாட்டேன் என்றாள். அடித்துவிட்டேன். மெதுவாகத்தான். கன்னத்தில். பிறகு சால்வையைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மணி அடித்துவிட்டான், வரிசைக்கு ஓடினேன். சரி, அதை விடுங்கள், அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

ஓடும்போது பெய்லா பின்னாலேயே வந்து சொன்னாள், "உங்க வரிசை போற வழியிலதான் அவங்களும் போவாங்க. பார்க்காதே. கேட்டுச்சா? உன் கட்டைச் செருப்பைப் பார்த்துகிட்டே நட."

நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. சால்வை முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை. அதற்குப் பெயர் பார்ப்பதா? சந்தைத் தெரு முனையில் ஒரு லாரி போகட்டும் என்று எங்கள் வரிசையை நிறுத்தினார்கள். பத்தடி தூரத்தில் வாலெர்கா. அவள் கக்கத்தில் வாத்து, கையில் என் மகள். எதிரே ஒரு போலீஸ்காரன்.

"யார் பிள்ளை?" என்கிறான்.

"என் தங்கச்சி பேத்தி, ஐயா. ஸோஸ்யா."

"ஸோஸ்யாவா? எங்க, ஜெபம் சொல்லு பார்ப்போம்."

எனக்கு ஒரே ஒரு கணம்தான் பயம். அடுத்த கணம் பெருமை. ஏனென்றால் மிர்லா நிமிர்ந்தாள். உள்ளங்கை சேர்ந்தது. விரல் நுனி முகவாயில். தலை இடது பக்கம், கொஞ்சமே கொஞ்சம். பரமண்டல ஜெபம். ஒரு பிசகு இல்லை. முற்றுப்புள்ளிக்கு இரண்டு மூச்சு. அவன் போதும் என்று சொல்வதற்குள் அருள் நிறைந்த மரியே. அது முடிந்து விசுவாசப் பிரமாணம். அதுவும் முடிந்து மன்றாட்டுமாலையை ஆரம்பித்துவிட்டாள். சிஸ்டர் பெனிக்னா கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே இன்னொரு கோப்பை கொடுத்திருப்பார்.

அந்தப் போலீஸ்காரனுக்கு ரசனை இல்லை. அவன் முகம் மாறியது. "என்ன இது, பிஷப் வீட்டுப் பிள்ளையா? என் பொண்ணு பாதி ஜெபத்துலயே கொட்டாவி விடும். வாத்துக்காரி வீட்டுப் பிள்ளைக்கு இத்தனை ஜெபம் யார் சொல்லிக் குடுத்தது?"

"அவ அம்மா செத்ததுல இருந்து பெரிய பக்தி, ஐயா" என்றாள் வாலெர்கா. வாத்து அவள் கக்கத்தில் நடுங்கியது. அல்லது கக்கம்தான் நடுங்கியதோ.

அவன் சுற்றிலும் பார்த்தான். அவன் கண் எங்கள் வரிசைக்கு வந்தது. என்னிடம் நின்றது. நான் அழவில்லை, ஷிஃப்ரா. காலைக் குளிர் என் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதிலிருந்தே. அவன் விரலை நீட்டினான்.

"அந்த யூதச்சி ஏன் உன்னையே பார்த்து அழறா? அவளைத் தெரியுமா உனக்கு?"

மிர்லா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, சந்தையில் வாத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கை இடுப்புக்குப் போனது. அப்புறம் அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"ஏய்! என்னடி வாயைப் பொளந்துகிட்டு பார்க்குற? வாய்க்குள்ள வாத்து முட்டை போடும்னா? போடி, போய் மூக்கைச் சிந்து, பீ தின்னி!"

இரண்டு முன்பல் இல்லாத வாய். முட்டை என்பதே பாதி காற்றாகத்தான் வந்தது.

போலீஸ்காரன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வாசல் பக்கம் நின்ற ஜெர்மன்காரன் என்ன என்ன என்று கேட்டான், அவனுக்கு இவன் மொழிபெயர்த்துச் சொன்னான், அவனும் சிரித்தான். வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று பக்கத்தில் நின்றவள் சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. "போ, போ, இது வாத்துக்காரி பேத்தியேதான்" என்று மிர்லா தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டான். லாரி போய்விட்டது. எங்களை நகரச் சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

பெற்ற தாயை, ஷிஃப்ரா. நடுத்தெருவில். அத்தனை பேருக்கு முன்னால்.

சாயங்காலம் வந்ததும் நான் பெய்லாவிடம் கத்தினேன் பாருங்கள், மேல்மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். "என் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். நீ என்றே கேட்டுவிட்டேன். அவள், "என்ன சொன்னா? வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்லு" என்றாள். சொன்னேன். "இன்னொரு தரம்" என்றாள். சொன்னேன். மூன்றாவது தரம், "மூக்கைச் சிந்துன்னாளா? அதைக்கூட விடலயா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி இடுப்பில் கட்டியிருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள்.  குற்ற உணர்ச்சி உறுத்தியிருக்கும். உறுத்தட்டும். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்றா கேட்கிறீர்கள்? மரக்கடை வண்டிக்காரன் மூலமாக இரண்டு தரம் சேதி வந்தது. தின்கிறாளாம். ஆண் வாத்து அவளைக் கண்டால் ஓடுகிறதாம். யாராவது சோதனை போட வந்தால் ஒளிவதற்கு வாலெர்கா அடுப்புக்குப் பின்னால் சுவர் எழுப்பி ஒரு அறை மறைத்து வைத்திருக்கிறாள், மிர்லா அதில்தான் படுக்கிறாள். அந்த அறையை மிர்லாவுக்காகச் செய்யவில்லையாம், போன பனிக்காலத்திலேயே செய்துவிட்டாளாம். உள்ளே ஒரு கட்டில், எவ்வளவு பெரிசு என்கிறீர்கள்? என் மகள் அதில் உருண்டுகொண்டே இருக்கிறாளாம், ஓரம் வருவதில்லையாம். வாலெர்கா காலுக்குப் போட ஒரு ஜோடி கம்பளி உறை பின்னி வைத்திருக்கிறாளாம், அதை மிர்லா தலைக்குப் போட்டுக்கொள்கிறாளாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இப்படியா செய்வார்கள்? பட்டிக்காட்டார்களுக்கு அளவே தெரியாது. "நம் வாத்துக்காரி படுக்கலாம் போலிருக்கே" என்று வண்டிக்காரனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அந்தம்மா ஏன் வரலன்னு வாலெர்கா கேக்கச் சொன்னா" என்றான். "என்னோடு சண்டை போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது, அதனால்தான்" என்று சொல்லி அனுப்பினேன். போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பெண்ணைக் காட்டுக் காவல்காரரின் விதவை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், நாள்தான் குறைவு, அதுதானே? நாளைக்கே கூட்டிவாருங்கள். பரமண்டல ஜெபம் மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அதுவும் நடுவில் கொஞ்சம் விழுங்கிவிட்டு. மன்றாட்டுமாலை வேண்டாம். காற்புள்ளியும் வேண்டாம். மீதியை... மீதிக்கு அந்தப் பக்கம் போங்கள். நான் அனுப்பினேன் என்று சொல்லாதீர்கள்.

என்ன? ஒரு வசவுக்காகவா ஏழு வாரம் பேசாமல் இருக்கிறேன் என்கிறீர்களா?

உங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள், அதனால் சொல்கிறேன். ஜெபம் நான் சொல்லிக்கொடுத்தது. வசவு அவள் சொல்லிக்கொடுத்தது. வாத்துக்குச் சொல்லச் சொல்லிக்கொடுத்தாள், தலையணைக்குச் சொல்லச் சொல்லிக்கொடுத்தாள், எல்லாம் சரி. எனக்குச் சொல்லச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், அது பாடம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால்? அன்றைக்குக் காலையில்தான் அவள் விரலைப் பிரித்தேன். கன்னத்தில் அடித்தேன். கடைசியாக அவளைத் தொட்டது அப்படித்தான். ஒரு மணி நேரம் கழித்து அவள் என்னைப் பார்த்துப் போடி என்றாள். நிஜமாகவே சொல்லியிருப்பாளோ?

அவளிடம் கேட்கலாம். பத்தடிகூட இல்லை. ஆனால் கேட்டு, "நான் எதுவும் சொல்லிக் குடுக்கலயே" என்று அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? பேசாமல் இருந்தால் கேட்காமல் இருக்கலாம். நீங்கள் நாளை அந்தப் பக்கம் போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு என்னிடம் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள். இல்லை...

தோல் சுரண்டுகிற சத்தம் நின்றுவிட்டது, கவனித்தீர்களா?

"அடியே ஹெலா."

கேட்கிறதா உங்களுக்கு? என்னைத்தான் கூப்பிடுகிறாள். நான் பதில் சொல்லமாட்டேன்.

"நான்தாண்டி சொல்லிக் குடுத்தேன். உங்கம்மா பார்ப்பா, கட்டாயம் பார்ப்பா, அவளுக்குப் பார்க்காம இருக்கத் தெரியாது, அப்ப அவளையே திட்டிடுன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா. வாத்தைத் திட்டுறேன், போலீஸைத் திட்டுறேன், அம்மாவைத் திட்டமாட்டேன்னு ஒரே அழுகை. வேகவச்ச பீட்ரூட் துண்டைக் காட்டித்தான் சொல்ல வச்சேன்."

பார்த்தீர்களா ஷிஃப்ரா, பார்த்தீர்களா? லஞ்சம்! என் பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்து! இரண்டு மாதமாக இந்த அறையில் நான் பீட்ரூட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, தனக்கென்று...

இருங்கள். ஒரு நிமிடம் இருங்கள்.

பெய்லாக்கா. ஒரே துண்டுக்கா சொன்னாள்?

"ஒண்ணுக்கா? ஒண்ணைத் தின்னுட்டு மாட்டேன்னா. ரெண்டாவதையும் தின்னுட்டு மாட்டேன்னா. மூணாவது துண்டுக்குத்தான் வழிக்கு வந்தா, அதுவும் மெதுவா, காதுக்குள்ள."

மூன்று! கேட்டுக்கொண்டீர்களா ஷிஃப்ரா? இந்த நாலு தெருவில் பெரிய பெரிய மனிதர்களெல்லாம் பாதித் துண்டுக்கு வாயைத் திறந்துவிடுகிறார்கள். என் மகள் மூன்று துண்டு வரைக்கும் மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். மூன்று துண்டு, ஷிஃப்ரா. அவ்வளவு பசியில்.